வீடியோவுக்கு கேமரா வாங்கறவங்க மொதல்ல பாக்க வேண்டியது மைக் ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுசா வீடியோ எடுக்க ஆரம்பிக்கிறவங்க குறைஞ்ச பட்ஜெட்ல என்ன கேமரா வாங்கலாம்னு உங்க பேப்பர்ல ஒரு பக்கம் முழுக்க பட்டியல் போட்டிருந்தீங்க, நல்ல விஷயம், இந்த மாதிரி விஷயத்த தமிழ்ல தேடினா கெடைக்கறதே கம்மி, அதனால ஆசையா உக்காந்து முழுசா படிச்சேன். ஆனா ஒவ்வொரு கேமராவுக்கும் எத்தன மெகாபிக்சல், 4கே இருக்கா, எவ்ளோ ஜூம், இந்த மூணு மட்டும்தான் போட்டிருந்தீங்க. வெளி மைக் சொருக ஓட்டை இருக்கா இல்லையான்னு ஒரு எடத்துலயும் இல்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர். நீளமா போகும், எடம் பத்தலன்னா வெட்டிக்கங்க, மைக் பத்தி சொல்றத மட்டும் விட்றாதீங்க.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நான் மொதல்ல வாங்கின கேமராவுல அந்த ஓட்டை இல்ல. எங்கப்பா சின்ன வயசுல வேலை தேடி வீட்ட விட்டு கெளம்பினதுல இருந்து அவரு வாழ்க்கைய அவரு வாயாலயே சொல்ல வெச்சு பதிவு பண்ணணும்னுதான் அந்த கேமராவையே வாங்கினேன். கடையில கேட்டப்ப 24 மெகாபிக்சல்னாங்க, ஃபுல் ஹெச்டின்னாங்க, நானும் நம்பி வாங்கிட்டேன். ட்ரைபாட்ல வெச்சு அப்பாவ 3 மீட்டர் தள்ளி நாற்காலில உக்கார வெச்சு ரெண்டு நாள் எடுத்தேன். படம் அவ்ளோ நல்லா வந்துச்சு, அவரு புருவத்துல நரைச்ச முடி ஒவ்வொண்ணும் தெரியுது. சத்தத்த கேட்டா ஃபேன் ஓடுற இரைச்சல், நாற்காலி கிரீச், அதுக்கெல்லாம் பின்னாடி எங்கயோ பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி அப்பா குரல். அப்பா இப்ப இல்ல. அந்த வீடியோவ போட்டா எங்களுக்கு பாதி வார்த்தை புரியாது, அம்மாவுக்கு மட்டும் எப்படியோ புரியுது, அவங்க டிவி பக்கத்துல உக்காந்துக்கிட்டு "இப்ப இத சொல்றாரு, இப்ப இத சொல்றாரு"ன்னு எங்களுக்கு சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான் நான் இதெல்லாம் உக்காந்து கத்துக்கிட்டேன், சொந்தக்காரங்க பிள்ளைங்க யாரு கேமரா வாங்கப் போறேன்னாலும் கூடவே போறேன்.

இந்த ஓட்டை ஏன் சிலதுல இருக்கு சிலதுல இல்லன்னா, இதெல்லாம் ஃபோட்டோ எடுக்கறதுக்காக பொறந்த கேமரா, வீடியோ அதுக்கு அப்புறமா வந்து சேந்தது. 2008ல நிக்கான் டி90 வந்தப்பதான் டிஎஸ்எல்ஆர்ல (லென்ஸ் மாத்தக்கூடிய, உள்ள கண்ணாடி வெச்ச கேமரா) வீடியோ எடுக்கலாம்னு ஆச்சு, அதுவும் ஃபுல் ஹெச்டிய விட கம்மியான 720பி, அதுல ஒரு தடவைக்கு 5 நிமிஷம், மோனோ சத்தம், வெளி மைக் சொருக வழியில்ல. அதே வருஷம் வந்த கேனன் 5டி மார்க் 2ல ஃபுல் ஹெச்டியும் இருந்துச்சு, மைக் ஓட்டையும் இருந்துச்சு, ஆனா அது தொழில்காரங்க வாங்கற விலை. அந்த வித்தியாசம் அப்படியே இன்னிக்கு வரைக்கும் வருது, விலை கொறைக்கணும்னா கம்பெனிக்காரங்க மொதல்ல கை வைக்கறது சத்தத்துலதான். நிக்கான்லயே பாருங்க, 2014ல வந்த டி3300ல மைக் ஓட்டை இருந்துச்சு, அதுக்கடுத்து 2016ல வந்த டி3400ல எடுத்துட்டாங்க, 2018ல வந்த டி3500லயும் கெடையாது. புது மாடல்னா எல்லாமே கூடித்தான் இருக்கும்னு நெனைக்கிறோம்ல, அப்படி இல்ல. கேனன் 1500டில இல்ல. சோனி ஏ6000ல இல்ல. இதெல்லாம் ஃபோட்டோவுக்கு அருமையான கேமரா, நான் குறை சொல்லல, ஆனா செகண்ட் ஹேண்ட்ல ஆரம்பிக்கிறவங்க கையில வந்து சேர்றது பெரும்பாலும் இதுங்கதான், பெட்டியில வீடியோன்னு போட்டிருக்கறத நம்பி வாங்கிட்டு அப்புறம் என்ன மாதிரி முழிக்கணும்.

ஓட்டை இருக்கற கேமரான்னா, சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30, கேனன் ஆர்50, கொஞ்சம் பழசுல கேனன் எம்50, இன்னும் பழசுல பானசோனிக் ஜி7, இதெல்லாத்துலயும் 3.5 மிமீ மைக் ஓட்டை உண்டு. இதுல இசட்வி-இ10ல மட்டும் ஹெட்போன் மாட்டி கேக்கறதுக்கும் தனி ஓட்டை இருக்கு, அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு ஒரு தடவ ஒரு மணி நேரம் எடுத்து முடிச்சுட்டு மைக் ஒயர் சரியா சொருகாம இருந்தத கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

ஓட்டை இருந்தா மட்டும் போதாது, மைக் எங்க இருக்குங்கறதுதான் விஷயமே. வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல இருக்கற தூரம் ரெண்டு மடங்கானா அங்க வந்து சேர்ற சத்தத்தோட சக்தி நாலுல ஒரு பங்கா கொறையும், ஆனா ஃபேன் இரைச்சல் ரூம் முழுக்க பரவியிருக்கறதால அது அவ்ளோவா கொறையாது. அப்ப கேமரா மேலயே பெரிய மைக்க மாட்டி 3 மீட்டர் தள்ளி வெச்சாலும் எங்கப்பா கதைதான். சின்ன காலர் மைக்க வாங்கி சட்டையில ஒரு சாண் தூரத்துல குத்தினீங்கன்னா அது எவ்ளோ மலிவான மைக்கா இருந்தாலும் தூரத்துல இருக்கற விலை ஜாஸ்தி மைக்க விட நல்லா கேக்கும். வாங்கறப்ப மைக் ஒயர் நுனில கேமராவுக்குள்ள சொருகற பின்ன பாருங்க, ஃபோனுக்குன்னு விக்கிற மைக்ல கறுப்பு வளையம் 3 இருக்கும், கேமராவுக்கான மைக்ல 2தான் இருக்கும். 3 வளையம் இருக்கறத கேமராவுல சொருகினா பல கேமராவுல சத்தமே வராது, இல்லன்னா கரகரன்னு வரும், கேமரா ரிப்பேர்னு நெனைச்சு கடைக்கு தூக்கிட்டுப் போனவங்கள பாத்திருக்கேன். அதுக்கு மாத்து ஒயர் சின்னதா தனியா கெடைக்கும், அவ்ளோதான் விஷயம். அப்புறம் மெனுவுல சத்தத்த ஆட்டோல விடாதீங்க. ஆட்டோல இருந்தா பேசறவங்க நிறுத்தின உடனே கேமரா "சத்தம் கம்மியா இருக்கே"ன்னு அதுவா ஏத்தும், அந்த எடைவெளில எல்லாம் ஷ்ஷ்ஷ்னு இரைச்சல் எழும்பி வரும். மேனுவலுக்கு மாத்தி, சத்தமா பேசறப்ப ஸ்க்ரீன்ல தெரியற சத்த மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி வெச்சுட்டா போதும்.

ஏற்கனவே ஓட்டை இல்லாத கேமராவ வாங்கிட்டவங்க அத விக்கணும்னு நான் சொல்லல. உங்க கையில இருக்கற ஃபோன எடுத்து வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணி பேசறவங்க சட்டைப் பையிலயோ மடிலயோ வெச்சுடுங்க, கேமராவுக்கு முன்னாடி கைய ஒரு தடவ பட்டுனு தட்டுங்க, எடிட் பண்றப்ப ரெண்டு பதிவுலயும் அந்த தட்டுன சத்தம் ஊசி மாதிரி எழும்பி நிக்கும், அத ஒண்ணு மேல ஒண்ணு பொருத்திட்டு கேமரா சத்தத்த அணைச்சுடலாம். ரொம்ப நேரம் எடுத்தா ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா நழுவும், அதனால கடைசிலயும் ஒரு தடவ தட்டிக்கங்க. இதுக்கு தனியா ஒரு பைசா செலவு இல்ல. அன்னிக்கு என் ஃபோன் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. அப்பா மடியில வெச்சிருக்கலாம்.

சரி, அடுத்தது ஃபோகஸ். தனியா தன்னத்தானே எடுத்துக்கறவங்களுக்கு இது சத்தத்துக்கு சமமான முக்கியம், ஏன்னா கேமராவுக்கு பின்னாடி ஆளு இல்ல. பழைய முறையில லென்ஸ் முன்னாடி பின்னாடி ஆடி ஆடி எங்க தெளிவா இருக்குன்னு தேடும், அதனால பேசிக்கிட்டு இருக்கறப்பவே பின்னாடி இருக்கற சுவரு மூச்சு விடற மாதிரி துடிக்கும். 2013ல கேனன் 70டில ஒவ்வொரு பிக்சலையும் ரெண்டா பிரிச்சு ரெண்டு பாதியையும் ஒப்பிட்டு பாத்து எந்தப் பக்கம் எவ்ளோ நகரணும்னு நேரா கண்டுபிடிக்கிற மாதிரி செஞ்சாங்க, அதுக்கப்புறம்தான் வீடியோல ஆட்டோஃபோகஸ நம்பலாம்னு வந்துச்சு. இங்கதான் பட்டியல்ல வராத ஒரு விஷயம் இருக்கு. கேனன் எம்50ல அந்த நல்ல ஃபோகஸ் இருக்கு, 4கேவும் இருக்கு, ஆனா ரெண்டும் சேந்து வராது. 4கேல போட்டா அது பழைய முறைக்கு போயிடும், கூடவே படத்தோட ஓரத்த எல்லாம் வெட்டிட்டு நடுவுல இருக்கறத மட்டும்தான் எடுக்கும். உங்க பட்டியல்ல "4கே – உண்டு"ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சு போச்சு. அத படிச்சுட்டு வாங்கற பிள்ளை 4கேல போட்டு கைய நீட்டி தன்ன எடுத்தா மூஞ்சி மட்டும்தான் பிரேம் முழுக்க வரும். அந்த கேமராவ ஃபுல் ஹெச்டில வெச்சு எடுத்தா ரொம்ப நல்ல கேமரா, இது தெரிஞ்சு வாங்கினா ஏமாத்தம் இல்ல. அதே மாதிரி பானசோனிக் ஜி7ல ஃபோகஸ் தடுமாறும், ஆனா ட்ரைபாட்ல வெச்சு ஒருத்தர உக்கார வெச்சு கையாலயே ஃபோகஸ் பண்ணி எடுக்கறவங்களுக்கு 2015ல வந்த அந்த கேமரா இன்னிக்கும் தாராளமா போதும்.

எவ்ளோ நேரம் நிக்காம ஓடும்ங்கறதும் கேக்கணும். பழைய கேமராக்கள் நெறையா 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும், அது கோளாறு இல்ல. 30 நிமிஷமும் அதுக்கு மேலயும் ஓடினா ஐரோப்பாவுல அத வீடியோ கேமரான்னு கணக்குல எடுத்து சுங்க வரி கூடப் போட்டாங்க, அதுக்காக கம்பெனிங்க வெச்ச பூட்டு. மேடைப் பேச்சு, பாட்டு, பாடம்னு நீளமா எடுக்கறவங்க இத தெரிஞ்சுக்காம போனா முக்கியமான எடத்துல கேமரா நின்னு போயிருக்கும், கவனிக்கவே மாட்டோம். சூடாகி அணையறது வேற கத, சின்ன உடம்பு கேமராவுல 4கேல போட்டா அது நடக்கும், பேட்டரியும் கூடுதலா ஒண்ணு ரெண்டு வேணும். இந்த மாதிரி நீளமா, தூரத்துல இருந்து எடுக்கற வேலைதான் உங்களுக்குன்னா பழைய ஹேண்டிகேம் வகையறாவ கேவலமா பாக்காதீங்க, சென்சார் (வெளிச்சத்த படமா மாத்தற சில்லு) சின்னதுதான், வெளிச்சம் கம்மியா இருந்தா திணறும், ஆனா மணிக்கணக்கா ஓடும், ஜூம் மோட்டார்ல வழுக்கிக்கிட்டு போகும்.

மெகாபிக்சல் பத்தி ரெண்டே வரி. ஃபுல் ஹெச்டி வீடியோங்கறது 1920க்கு 1080, பெருக்கினா ஒரு ஃப்ரேமுக்கு 21 லட்சம் பிக்சல்கூட வராது. 4கே கூட 83 லட்சம்தான். அப்ப 24 மெகாபிக்சலா 32ஆங்கறது வீடியோ எடுக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய கேள்வியே இல்ல. ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி "48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்"னு ரொம்ப சல்லிசா விக்கிற கேமராவ பாத்தா தயவு செஞ்சு தள்ளி நில்லுங்க, உள்ள இருக்கறது பெரும்பாலும் சின்ன சென்சாரும் ஃபோகஸே நகராத லென்ஸும்தான், கம்மியான பிக்சல்ல எடுத்து இழுத்து பெருசாக்கி 4கேன்னு காட்டும், அந்த 16 மடங்கும் டிஜிட்டல் ஜூம், படத்த வெட்டி பெருசாக்கறது. உங்க ஃபோன் அத விட நல்லா எடுக்கும். மொத சம்பாத்தியத்துல அத வாங்கிட்டு வந்து காட்டின பையன் மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல.

லென்ஸ் விஷயத்துல பணம் போடலாம், அது கேமரா மாறினாலும் கூட வரும். கேமராவோட வர்ற 18-55 லென்ஸ ஜூம் பண்ணினா எஃப் 5.6க்கு போயிடும் (எஃப் நம்பர் கூடக்கூட லென்ஸ்ல வெளிச்சம் வர்ற வழி சின்னதாகும்), அத எஃப் 1.8 லென்ஸோட ஒப்பிட்டா உள்ள வர்ற வெளிச்சம் ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான், சாயங்காலம் வீட்டுக்குள்ள எடுத்தா படம் புள்ளி புள்ளியா வர்றதுக்கு கேமராவ திட்டறோம், பாதி தப்பு லென்ஸோடது. ஆனா எல்லாரும் சொல்றாங்கன்னு உடனே 50 மிமீ எஃப் 1.8 வாங்கிடாதீங்க. இந்த மாதிரி கேமராவுல பெரும்பாலும் இருக்கற ஏபிஎஸ்-சிங்கற சின்ன அளவு சென்சார்ல அது பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல 75 மிமீ, கேனன்ல 80 மிமீ லென்ஸ் போட்ட மாதிரி கிட்டக்க இழுத்து காட்டும், சின்ன ரூம்ல எடுக்கணும்னா முதுகு சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கணும். ரூமுக்குள்ள ஆள எடுக்க 24 மிமீல இருந்து 35 மிமீ வரைக்கும் சரியா வரும், கைய நீட்டி தன்ன எடுக்கறவங்களுக்கு 16க்கு பக்கத்துல வேணும், ஏன்னா ஆட்டம் தெரியாம இருக்க எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் போட்டா அது இன்னும் கொஞ்சம் ஓரத்த வெட்டும். இசட்வி-இ10, இசட்30, ஆர்50 எதுலயும் சென்சார பிடிச்சு நிறுத்தற ஸ்டெபிலைசேஷன் உடம்புக்குள்ள கெடையாது, நடந்துக்கிட்டே எடுக்கணும்னு ஆசப்படறவங்க இத மனசுல வெச்சுக்கங்க.

லைட் மினுக்கறதுக்கும் கேமராவ மாத்த வேண்டாம். கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் படற நேரம்) செகண்டுல 50ல ஒரு பங்கு. 60 ஹெர்ட்ஸ்னா 30 ஃப்ரேம், 60ல ஒரு பங்கு. ட்யூப் லைட்லயும் மட்டமான எல்இடிலயும் படத்துல கோடு கோடா ஓடறது பெரும்பாலும் நின்னுடும். மெமரி கார்டுல வி30ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, செகண்டுக்கு கொறைஞ்சது 30 எம்பி எழுதும்னு அர்த்தம், ஆரம்பநிலை கேமரா 4கே 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட், 8 பிட் சேந்தா ஒரு பைட்) எழுதினாலே செகண்டுக்கு 12.5 எம்பிதான் வரும், அதனால அதுக்கு மேல வேகமான கார்டுக்கு காசு போட வேண்டியதில்ல. 64 ஜிபி கார்டுல அந்தக் கணக்குல ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல எடுக்கலாம்.

பட்ஜெட் கம்மின்னா பழசு வாங்கறதுல தப்பே இல்ல. ஃபோட்டோக்காரங்க கேமரா உள்ள திறந்து மூடற ஷட்டர் எத்தன தடவ அடிச்சிருக்குன்னு கேப்பாங்க, வீடியோவுக்கு அது அவ்ளோ முக்கியம் இல்ல, வீடியோ ஓடறப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்த ஷட்டர் அடிக்கறதில்ல. நீங்க உங்க மைக்க கையோட எடுத்துட்டுப் போங்க. சொருகி பேசி பதிவு பண்ணி ஒயர லேசா ஆட்டிப் பாருங்க, ஆட்டறப்ப கரகரன்னா ஓட்டை தளந்து போச்சு, அந்த கேமரா வேண்டாம். லென்ஸ் மூடிய போட்டு இருட்டா ஒரு நிமிஷம் எடுங்க, நகராத வெள்ளப்புள்ளி செவப்புப்புள்ளி இருந்தா தெரிஞ்சுடும். திருப்பற ஸ்க்ரீன எல்லா கோணத்துலயும் திருப்புங்க, ஒயர் உள்ள அறுந்திருந்தா ஒரு கோணத்துல மட்டும் கறுத்துப் போகும். லென்ஸ டார்ச் அடிச்சு பின்னாடி இருந்து பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. கடைசியா ஒரு கால் மணி நேரம் நிக்காம ஓட விடுங்க, விக்கறவரு அவசரப்படுத்தினா பரவால்லன்னு பொறுமையா நில்லுங்க.

இன்னும் எதுவுமே எடுத்துப் பாக்காதவங்க கேமராவுக்கு முன்னாடி ஒரு மைக்கும் ட்ரைபாடும் மட்டும் வாங்கி இருக்கற ஃபோன்லயே ரெண்டு மாசம் எடுத்துப் பாக்கலாம், எக்ஸ்போஷர் லாக் பண்ணிட்டு (வெளிச்ச அளவு தானா மாறாம நிறுத்திட்டு) ஜன்னலுக்கு எதிர்ல உக்காந்து எடுத்தா எவ்ளோ நல்லா வருதுன்னு அவங்களுக்கே தெரியும், எது பத்தலங்கறதும் அப்பதான் தெரியும். ஃபோக்கஸ்தான் பத்தலயா, வெளிச்சமா, தூரமா, அத தெரிஞ்சுக்கிட்டு கடைக்குப் போனா யாரும் உங்கள ஏமாத்த முடியாது. அந்த மைக்கும் ட்ரைபாடும் அப்புறம் கேமராவோடயும் சேந்துக்கும், வீணாப் போகாது.

ஆசிரியர் கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவ இந்த மாதிரி பட்டியல் போடறப்ப மெகாபிக்சல் கட்டத்த எடுத்துட்டு அந்த எடத்துல மைக் ஓட்டை இருக்கா, ஹெட்போன் ஓட்டை இருக்கா, நிக்காம எவ்ளோ நேரம் ஓடும், 4கேல ஓரத்த வெட்டுதா, ஸ்க்ரீன் முன்பக்கம் திரும்புமா, இந்த அஞ்சயும் போடுங்க. பெரும்பாலும் கம்பெனிக்காரங்க குடுக்கற விவரப் பக்கத்துலயே இருக்கு, தேடினா ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம். வேணும்னா நானே உக்காந்து எடுத்து எழுதி அனுப்பறேன், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்கிற ஒரு வாசகி